அன்ரியின் நெற்றி

"சும்மா ஒரு படம் கீறித் தாங்கோவன்."

இந்த வசனத்தைச் சொல்ல வெள்ளவத்தையில் யாருக்கும் வெட்கம் கிடையாது. பல் வைத்தியரிடம் போய், சும்மா ஒரு பல்லைப் பிடுங்கித் தாங்கோவன் என்று கேட்க மாட்டார்கள். தையல்காரியிடம் கேட்டால் கையில் இருக்கிற ஊசியாலேயே குத்துவாள் என்று தெரியும். என்னிடம் மட்டும் கேட்பார்கள். காலி வீதியில் மரக்கறிப் பையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பார்கள். கோயிலில் தீபாராதனை நேரத்தில், கும்பிட்ட கையை இறக்காமலே கேட்பார்கள். கேட்டு முடித்த கையோடு அடுத்த கேள்வி வரும்: "அது சரி, நீங்கள் வேலை என்ன செய்யிறீங்கள்?"

படம் கீறுவதுதான் என் வேலை. வேறு வேலை இல்லை. வங்கியில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் கீறுகிறவள் இல்லை நான். இதில்தான் சாப்பிடுகிறேன், இதில்தான் வாடகை கட்டுகிறேன், இதில்தான் முதுகையும் கண்ணையும் கெடுத்துக்கொண்டேன். இதைச் சொன்னால், "ஓ, நல்ல ஹொபி" என்கிறார்கள். கையில் இருக்கும் மரக்கறிப் பையால் ஒரு போடு போட வேண்டும் போல இருக்கும். ஒருவருக்கும் இதுவரை போட்டதில்லை.

இந்தத் தொழிலில் நிமிர்வதற்கு நான் செய்யாதது இல்லை. முன்பள்ளிச் சுவர்களில் யானையும் முயலும் கீறினேன். யானை ஏன் இவ்வளவு கறுப்பு என்று கேட்ட ஆசிரியைக்காக அதை வெள்ளை யானை ஆக்கினேன். கோயில் திரைச்சீலைக்கு முருகனும் வள்ளியும் கீறினேன். வள்ளிக்கு நிறம் காணாது என்று திரும்ப அனுப்பினார்கள். வேட்டுவப் பெண் வெயிலில் தினை காத்தவள், அவளுக்கு எங்கிருந்து நிறம் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. பிறகு, பிள்ளைக்குச் சித்திரப் பாடத்தில் ஏ வர வேண்டும், ஆனால் பிள்ளை சித்திரக்காரி மட்டும் ஆகிவிடக் கூடாது என்று என் முகத்துக்கு நேரேயே சொல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். 

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில், வர்ணம் கரைக்கும் ரேர்ப்பன்ரைன் மணக்கிறது என்று கூட்டம் போட்டு முறையிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கருவாட்டுப் பொரியல் மணக்காத மூக்குகள். அதனால் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய அச்சகத்துக்கு மேலே ஓர் அறை எடுத்தேன். கீழே இயந்திரம் ஓடினால் மேலே தூரிகை நடுங்கும். அது நிற்கும் நேரம் பார்த்துத்தான் கண்ணையும் உதட்டையும் தொடலாம். வழியில் புறக்கோட்டையில் இறங்கி, கூடாரத் துணி விற்கும் முஸ்லிம் நானாவிடம் கன்வஸ் வாங்குவேன். அவர் ஒவ்வொரு தடவையும், "என்ன தங்கச்சி, இந்த மொற டெண்டா, படமா?" என்று கேட்டுச் சிரிப்பார். 

இப்படியெல்லாம் இழுபட்டுக்கொண்டிருந்தபோதுதான், பெரிய ஆட்கள் இருக்கும் கொழும்பு ஏழில் ஓர் ஓவியக் கலரி என்னுடைய முதலாவது தனிக் கண்காட்சிக்கு ஒத்துக்கொண்டது. அந்தப் படிகளில் நான் ஏறி இறங்கியது கொஞ்சநஞ்சமல்ல. அங்கே கண்காட்சிகளைத் தெரிவுசெய்யும் பெண்மணி, கியூரேட்டர், என் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் ஆங்கிலத்தில் கேட்பார்: போர் எங்கே? நீங்கள் ஒரு தமிழ்ப் பெண் ஓவியர், உங்கள் படங்களில் ஏன் எல்லோரும் சும்மா கதிரையில் இருக்கிறார்கள்? இங்கேயும் அந்தச் சும்மா. 

போர் எனக்குத் தெரியாதது இல்லை. வீதிச் சோதனையில் அடையாள அட்டையை நீட்டியபடி நின்று நின்றே பள்ளிக்கூடம் போய் வந்தவள் நான். ஆனால் நான் கீற விரும்புவது, வேலை முடிந்து கதிரையில் வந்து விழும் மனிதர்களை. அந்த நேரத்து முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். ஓவியர் என்றால் எதைக் கீறுவது என்று அவரே தீர்மானிக்கலாம் என்பது எங்கள் சனத்துக்கும் தெரியாது, கொழும்பு ஏழுக்கும் தெரியாது.

கலரியை ஒத்துக்கொள்ள வைத்தது ஒரே ஒரு படம். எங்கள் தொடர்மாடியில் எங்களுக்கு மேல் வீட்டில் இருந்த அன்ரியின் படம்.

அன்ரி இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். மாமாவுக்குப் புறக்கோட்டையில் புடவைக் கடை. ஒரு நாள் கல்லாவில் இருந்தபடியே நெஞ்சுவலியில் போய்விட்டார். போரும் இல்லை, குண்டும் இல்லை. அன்ரி தனியாக நின்று மகளையும் மகனையும் படிப்பித்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். மகள் கனடா, மகன் அவுஸ்திரேலியா. அவர் மட்டும் இங்கே.

சனிக்கிழமைகளில் என்னோடு பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு வருவார். பிளாஸ்ரிக் கதிரையில் ஒரு காலை மடித்து வைத்து, மற்றக் காலைத் தொங்கவிட்டு, பிளாஸ்கிலிருந்து எனக்கும் தனக்குமாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருப்பார். கதைத்துக்கொண்டே இருப்பார். "வாயை ஆட்டாதேங்கோ அன்ரி" என்றால், "வாயை விட்டிட்டு மற்றதுகளைக் கீறு பிள்ளை, வாய் எங்க ஓடப் போகுது" என்பார். 

முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார். 

"பொட்டுக் கிட்டு வைச்சு வடிவாக்கி விடாதை. என்ர நெத்தி இப்பிடித்தான். இப்பிடியே கீறு."

"நான் ஏன் அன்ரி பொட்டு வைக்கிறன்?"

"உனக்குத் தெரியாது பிள்ளை. எங்கட சனத்துக்கு வெறும் நெத்தியைக் கண்டா அந்தரம். கலியாண வீட்டுப் படம் ஒண்டிலயும் நான் இல்லை, தெரியுமோ? அண்ணற்ற பிள்ளையளின்ர கலியாணம், தங்கச்சியின்ர பிள்ளையளின்ர கலியாணம், ஒண்டிலயும் இல்லை. ஒருத்தரும் வாயால வர வேண்டாம் எண்டு சொல்ல மாட்டினம். படமெடுக்க எல்லாரும் மேடைக்கு ஏறேக்க, 'இதைக் கொஞ்சம் பிடியுங்கோ' எண்டு ஹேண்ட்பாக்கைக் கையில தருவினம். அவ்வளவுதான். இரண்டு தோளிலயும் பாக் தொங்க, பாக் விக்கிறவள் மாதிரி நிண்டனான்."

சொல்லிவிட்டு அன்ரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூரிகையை வைத்துவிட்டுப் போய் அச்சகத்துக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். 

அந்த நெற்றியில்தான் நான் அதிகம் வேலை செய்தேன். காலையில் பூசும் திருநீறு பஸ்ஸில் வரும்போதே வியர்வையில் போய்விடும். பிறகு நெற்றி வெறுமையாக மினுங்கும். இடப்பக்கப் புருவத்துக்கு மேலே ஆழமாக ஒரு கோடு, அதற்கு மேலே அரைகுறையாக இன்னொன்று. பார்த்தால் மண்ணிறம் என்று நினைப்பீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் அதற்குள் பச்சை இருந்தது, தேயிலைச் சாயம் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் ஊதா இருந்தது. வர்ணத்தைத் தடிப்பாக, ஒன்றின் மேல் ஒன்றாக, தட்டுக் கத்தியால் வைத்து வைத்து எழுப்பினேன். முடிந்த அன்று அன்ரி எழுந்து வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். 

"ஓம். இது நான்தான்" என்றார். 

வேறு யாருடைய பாராட்டும் எனக்கு இந்த அளவுக்கு இனித்ததில்லை. கியூரேட்டரும் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் திகதி தந்தார். பிரதான சுவரில் அது, மற்றவை இரு பக்கமும் என்று முடிவாயிற்று. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்பில் 'போரில் கணவனை இழந்த பெண்' என்று எழுதலாமா என்று கேட்டார். நெஞ்சுவலி என்றேன். அவருடைய முகம் தொங்கிப்போனது.

கண்காட்சிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது அன்ரிக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் போய்விட்டார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். செத்த வீட்டில் தலைமாட்டில் வைக்க ஒரு படம் இல்லை. வீடு முழுக்கத் தேடினார்கள். இத்தனை கலியாணம், இத்தனை அல்பம், ஒன்றிலும் அன்ரி இல்லை. கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து வைத்தார்கள். அதில் அன்ரி பொலிஸில் பிடிபட்டவர் போல் இருந்தார். வந்தவர்கள் எல்லோரும், "ஏன் ஒரு நல்ல படம் கூட இல்லையோ?" என்று ஆளையாள் கேட்டுக்கொண்டார்கள். ஏன் இல்லை என்று அங்கே நின்ற பாதிப் பேருக்குத் தெரியும். அன்ரியின் தோளில் பாக் கொழுவிய அதே ஆட்கள். 

மாதம் முடிந்து செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு முதல் கிழமை, மகள் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். கண்ணெல்லாம் வீங்கிப்போய் இருந்தது.

"நீங்கள் அம்மாவைக் கீறியிருக்கிறீங்களாம். அந்தியேட்டிக்குச் சும்மா ஒருக்கா வைச்சிட்டுத் தாறம்."

அந்தியேட்டிக்கு அடுத்த கிழமை கண்காட்சி. அந்தப் படம் இல்லாமல் கண்காட்சியே இல்லை. ஆனால் அந்த அடையாள அட்டை முகத்தை நினைத்தேன். அதை இன்னொரு தடவை மாலை போட்டு வைக்க விடுவதா? சரி என்றேன். விளக்கமாகச் சொன்னேன். இது எண்ணெய் வர்ணம், காய மாதக்கணக்கில் எடுக்கும், நெற்றியில் தடிப்பாக இருப்பதால் உள்ளே இன்னும் ஈரம். கண்ணாடி இல்லை. கை படக் கூடாது, மாலை முகத்தில் முட்டக் கூடாது, குத்துவிளக்கைக் கிட்ட வைக்கக் கூடாது. "ஓம், ஓம்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். 

கொட்டாஞ்சேனையிலிருந்து திறீவீலரில் படத்தை மடியில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு வந்தேன். கண்ணாடியில் படத்தைப் பார்த்த சாரதி, "ஓயாகே அம்மாத?" என்று சிங்களத்தில் கேட்டார். என் அம்மா இல்லை, மேல் வீட்டு அம்மா என்றேன். ஏதோ பகிடி சொல்லப் போகிறா போல இருக்கு என்றார். அந்த மனுஷனுக்கு இருந்த கண் எனக்குத் தெரிந்த எத்தனையோ படித்தவர்களுக்கு இல்லை.

அந்தியேட்டி அன்று காலையில் எனக்கு வகுப்பு. கடற்கரையில் கிரியை முடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம் நானும் படியேறினேன். வரவேற்பறை நிறையச் சனம். வெள்ளைத் துணி விரித்த கதிரையில் படம். அதற்கு முன்னால் மகள், இடக்கையில் சந்தனக் கிண்ணம், வலக்கைப் பெருவிரலில் குழைத்த சந்தனம். 

எங்கள் வீடுகளில் இறந்தவர்களின் படம் என்றால் கண்ணாடிச் சட்டம்தான். அதன் மேல் சந்தனம் வைப்போம், குங்குமம் வைப்போம், அடுத்த வெள்ளிக்கிழமை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்போம். கைக்குப் பழகிவிட்ட வேலை. அந்தக் கைக்குக் கண்ணாடியும் கன்வஸும் ஒன்றுதான்.

"அக்கா!" என்று நான் கத்தியது விரல் பட்ட பிறகுதான்.

விரல் புதைந்தது. நெற்றியின் நடுவில், நான் எழுப்பிய வர்ணத்துக்குள், சோற்றுக்குள் புதைவது போல் புதைந்தது. சந்தனம் சரியாக ஒட்டவில்லை என்று நினைத்தோ என்னவோ, இன்னொரு தடவை அமத்தினார். அதற்கு மேல் குங்குமம். யாரோ ஒருத்தர், "இப்பதான் அம்மா லட்சுமி மாதிரி இருக்கிறா" என்றார். அறையில் இருந்த எல்லோருடைய முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. 

எனக்குத் தலையிலிருந்து கால்வரை பற்றி எரிந்தது. 

"தொட வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்!"

"என்ன பிள்ளை இது, அந்தியேட்டி வீட்டில நிண்டு கத்திறாய்?" என்றார் ஒரு மாமி. "ஒரு பொட்டுத்தானே."

"துடைச்சாப் போகும்தானே?" என்றார் மகள். அழுகிற மாதிரி இருந்தது முகம். குசினியிலிருந்து யாரோ ஈரத் துவாயோடு ஓடி வந்தார்கள். 

அந்தத் துவாயைக் கண்டதும் எனக்கு விசர் வந்துவிட்டது. மாலையைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். படத்தைத் தூக்கினேன். வழியில் நின்றவர்களை விலகச் சொல்லக் கூட இல்லை, அவர்களாகவே விலகினார்கள். படியில் இறங்கும்போது பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது: "ஆர்ட்டிஸ்ட் எண்டா இப்பிடித்தான். கழண்ட கேஸ்."

கழண்டதுதான். உயிரோடு இருந்தபோது பொட்டில்லை என்று மேடைக்குக் கீழே நிறுத்திவிட்டு, செத்த பிறகு பிடித்து இருத்திப் பொட்டு வைப்பவர்களுக்கு மூளை சரியாக இருக்கிறது, எனக்குத்தான் கழண்டுவிட்டது. என்னிடம் வள்ளியை வெள்ளையாக்கச் சொன்ன அதே சனம். இவர்களுக்கு யாருடைய முகமும் இருக்கிறபடி இருக்கக் கூடாது. இருக்கிற முகத்தைக் கீறுவதை ஒரு தொழிலாக இவர்களுக்கு நடுவில் செய்யலாம் என்று நம்பிய என்னைத்தான் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனை பஸ்ஸில் படத்தை, முகம் வெளியே பார்க்க, அணைத்துக்கொண்டு நின்றபடி அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

அடுத்த நாள் காலையில், நான் அந்த நெற்றியில் கை வைக்க முதலே, கியூரேட்டர் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டார். மற்றப் படங்களை ஏற்றிக்கொண்டு போக வந்தவர், படத் தாங்கியில் நின்ற அன்ரியைப் பார்த்ததும் அப்படியே நின்றார். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். 

அபாரம் என்றார். எப்போது இதைச் செய்தீர்கள் என்று கேட்டார். நெற்றியில் இரத்தம், நடுவில் துளை, துவக்குச் சூடா, என்ன துணிச்சல் என்றார். 

குங்குமம் என்றேன். மகள் வைத்த பொட்டு என்றேன். அவர் குனிந்து அந்தத் துளையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அதைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை, பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், இப்படியே விடுங்கள் என்றார். இப்படியே விட்டால் இந்தப் படம் வெளிநாட்டுக்குக்கூடப் போகும். பத்திரிகைகள் எழுதும். உங்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. 

இதில் ஒன்றும் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. இத்தனை வருடமும் நான் தட்டித் திரிந்த கதவு, அன்ரியை ஒரு குண்டு பட்ட பெண் ஆக்கினால் திறக்கும் என்கிறார். அவர்களுக்கு லட்சுமி வேண்டும், இவருக்குப் பிணம் வேண்டும். பிளாஸ்ரிக் கதிரையில் காலை மடித்து வைத்துத் தேத்தண்ணி ஊற்றும் மனுஷி ஒருவருக்கும் வேண்டாம். 

"அந்த நெற்றியை நான் திருத்திவிட்டுத்தான் தருவேன்" என்றேன். 

திருத்தினால் பிரதான சுவரில் வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டி வரும் என்றார். மிக மரியாதையாகச் சொன்னார். யோசியுங்கள் என்று நானும் மரியாதையாகச் சொன்னேன். அவர் இறங்கிப் போன பிறகு தட்டுக் கத்தியைக் கையில் எடுத்தேன். கீழே இயந்திரம் நின்றிருந்தது.

சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். குங்குமம் எண்ணெயோடு கலந்து உள்ளே இறங்கியிருந்தது. அதையும் எடுக்க, நெற்றியின் நடுப்பகுதி முழுவதையும் கன்வஸ் தெரியும் வரை வழிக்க வேண்டியிருந்தது. வழிக்கும்போது மகளின் பெருவிரல் ரேகை வர்ணத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு நிமிடம் கத்தியை நிறுத்தினேன். அக்காவும் தாயைத் தொட வேண்டும் என்றுதான் தொட்டிருக்கிறார் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கியதால் கோபம் குறையவும் இல்லை. வழித்தேன்.

இனி எதைப் பார்த்துக் கீறுவது? பிளாஸ்ரிக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அதை ஜன்னல் பக்கம் இழுத்து, அன்ரி வைக்கும் கோணத்தில் வைத்தேன். இடப்பக்கப் புருவத்துக்கு மேலே ஆழமான கோடு. அதற்கு மேலே அரைகுறைக் கோடு. பச்சை, தேயிலைச் சாயம், ஓரத்தில் ஊதா. வாயை விட்டிட்டு மற்றதுகளைக் கீறு பிள்ளை. அன்ரியின் குரலைக் கேட்டுக் கேட்டுக் கீறினேன். முதல் தடவை வந்த மாதிரி வரவில்லை. கொஞ்சம் களைத்த நெற்றியாக வந்தது. ஆனால் அது அன்ரியின் நெற்றிதான், வேறு யாருடையதும் இல்லை.

கலரியில் பிரதான சுவருக்கு என்னுடைய வேறொரு படத்தை மாட்டினார்கள். அன்ரி உள்ளறையில், கழிவறைக்குப் போகும் வழியில் இருந்தார். குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் குனிந்து பார்த்தேன். 'அன்ரி, சனிக்கிழமை.' கீழே என் பெயர். போர் இல்லை. 

திறப்பு விழா மாலையில் நிறையப் பேர் வந்தார்கள். கையில் கண்ணாடிக் கிளாஸோடு நின்று, ஒருவரையொருவர் பார்த்தார்கள், சில வேளைகளில் படங்களையும் பார்த்தார்கள். மகள் வருவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. வந்தார். அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் பிள்ளைகளும், அன்று என்னை ஏசிய மாமியும்கூட வந்தார்கள். கனடாவுக்குத் திரும்ப முதல் அம்மாவை ஒருக்கா பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

படத்துக்கு முன்னால் நின்றார். கண் கலங்கியது. பிறகு கேட்டார்:

"பொட்டெங்க?"

"அன்ரி பொட்டு வைக்கிறேல்லையே அக்கா."

"உயிரோட இருக்கேக்க வைக்கேல்லை. இனி வைக்கலாம்தானே. வடிவா இருந்தது."

எனக்கு அடக்க முடியவில்லை. "உங்கட கலியாண அல்பத்தில அன்ரி எங்க நிக்கிறா?" என்று கேட்டேன்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. "அவதான் மேடைக்கு வர மாட்டன் எண்டவ" என்றார்.

"கூப்பிட்டனீங்களோ?"

மாமி தொண்டையைச் செருமினார். எனக்கு மனது ஆறவில்லை, ஆறும் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன், ஆறவில்லை. மகள் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டென்று எல்லோரையும் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் வாங்கோ. அம்மாவோட ஒரு படம் எடுப்பம்."

எல்லோரும் வந்தார்கள். கழிவறைக்குப் போகிற அந்த ஒடுங்கிய இடத்தில் நெருக்கி நெருக்கி நின்றார்கள். அன்ரியின் ஒரு பக்கம் மகள், மறு பக்கம் மகன். பிள்ளைகள் முன்னால் குந்தினார்கள். நடுவில் வெறும் நெற்றியோடு அன்ரி. கலரியின் படப்பிடிப்பாளர் கமெராவை உயர்த்தினார். அப்போது மகள் தோளிலிருந்து ஹேண்ட்பாக்கைக் கழற்றி, கிட்ட நின்ற என்னிடம் நீட்டினார். 

"இதைக் கொஞ்சம் பிடியுங்கோ."

வாங்கிவிட்டேன். நீட்டியதை வாங்குவது கைக்குப் பழக்கம். தம்பி மனைவியும் தன்னுடையதைத் தந்தார். மாமியும் தந்தார். தோளில் பாக் தொங்க நான் நின்றேன். படப்பிடிப்பாளர் கையால் சைகை காட்டி, ப்ரேமுக்குள் வராமல் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார், குடும்பம் மட்டும் என்றார். இரண்டடி பின்னால் வைத்தேன். 

பின்னால் சுவர். நிமிர்ந்தால் நேர் எதிரே அன்ரி. ஏதோ பகிடி சொல்லப் போகிற முகம்.

பாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நிலத்தில் வைத்தேன். மாமியின் பாக் சரிந்து, உள்ளே இருந்த சாவிக்கொத்து சத்தத்தோடு விழுந்தது. நான் குனியவில்லை. நேரே நடந்து போய் மகளுக்கும் படத்துக்கும் நடுவில் நின்றேன். 

"நான் கீறினது" என்றேன். "நானும் நிக்கிறன். இப்ப எடுங்கோ."